புரியாத ஒரு படி

நுழையும்முன்

ஒரு கணக்கின் விடையை அறிந்திருப்பது வேறு. அவ்விடை வந்த வழியை அறிந்திருப்பது வேறு. இயற்பியல் நூல்களில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எவ்வாறு வந்தது என்பது விளங்காத இடங்கள் பல உண்டு. தேர்வை எண்ணி அவ்விடங்களை மனப்பாடம் செய்து கடந்துவிடுவோர் பலர். உலகமே ஏற்றுக்கொண்ட ஒரு சூத்திரத்தில் தமக்கு மனநிறைவு தராத ஒரு படியைக் கடந்துசெல்ல மனமின்றி, அங்கேயே நின்று சிந்தித்தார் ஓர் இந்தியப் பேராசிரியர். அவர் நின்ற இடத்தில் இயற்பியலின் புதிய வாயில் ஒன்று திறந்தது. சத்யேந்திரநாத் போஸ் என்னும் அவ்வறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தரையில் எழுதிய கணக்குகள்

சத்யேந்திரநாத் போஸ் 1894ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் கிழக்கிந்திய இரயில்வேயின் பொறியியல் பிரிவில் பணியாற்றியவர். தாய் ஆமோதினி தேவி. ஏழு குழந்தைகளுள் சத்யேந்திரநாத்தே மூத்தவர். அவருக்குப் பின் பிறந்த அறுவரும் பெண்கள்.

சுரேந்திரநாத் கணக்கில் ஈடுபாடு மிக்கவர். பணிக்குப் புறப்படுமுன் வீட்டின் தரையில் சில கணக்குகளை எழுதி வைத்துவிட்டுச் செல்வார் என்றும், அவர் திரும்பி வருவதற்குள் சிறுவன் அவற்றுக்கு விடை கண்டிருப்பான் என்றும் கூறுவர். கேட்டு அறிய அருகில் ஆசிரியர் இல்லை. பார்த்து எழுதப் புத்தகம் இல்லை. வழியைத் தானே தேடிக் காணவேண்டும் என்னும் பழக்கம் அந்தத் தரையிலேயே தொடங்கியது.

பின்னர் இந்துப் பள்ளியில் சேர்ந்தார். அங்குக் கணக்குத் தேர்வு ஒன்றில் அவருக்கு நூற்றுக்கு நூற்றுப்பத்து மதிப்பெண் வழங்கப்பட்டதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. எல்லா வினாக்களுக்கும் விடையளித்ததோடு, சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் அவர் தீர்த்துக் காட்டியிருந்தாராம். ஒரே விடையைப் பல வழிகளில் அடைந்து பார்ப்பவர், எந்த வழி உறுதியானது, எந்த வழி ஐயத்துக்குரியது என்பதையும் அறிந்துகொள்கிறார். பிற்காலத்தில் போஸுக்குப் பெரிதும் துணைநின்றது இந்த அறிவே.

1909ஆம் ஆண்டு கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கு ஆசிரியர்களாக விளங்கினர். டாக்கா அருகே சிற்றூர் ஒன்றில் பிறந்து, வறுமையோடு போராடிப் படித்துவந்த மேகநாத சாகா அவருடைய வகுப்புத் தோழரானார். 1915ஆம் ஆண்டு நடைபெற்ற முதுநிலைத் தேர்வில், இயற்பியலோடு இணைந்த கலப்புக் கணிதப் பாடத்தில் போஸ் முதலிடமும் சாகா இரண்டாமிடமும் பெற்றனர்.

நூல்கள் வாராத காலம்

அக்காலத்தில் இயற்பியல் பெரும் மாற்றத்துக்கு உள்ளாகியிருந்தது. குவாண்டம் கொள்கை, சார்பியல் கொள்கை, அணுவின் அமைப்பு பற்றிய புதிய கருத்துகள் ஆகியவை ஐரோப்பாவில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஆனால், அவற்றைக் கற்பிக்கும் பாடநூல்கள் இந்தியாவில் இல்லை. முதல் உலகப்போர் நடைபெற்றதால் வெளிநாட்டு இதழ்களும் நூல்களும் கிடைப்பது அரிதாயிற்று.

கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி அறிவியலுக்கெனத் தனிக் கல்லூரி ஒன்றை நிறுவியிருந்தார். போஸும் சாகாவும் இளம் விரிவுரையாளர்களாக அங்குச் சேர்ந்தனர். அவர்கள் கற்பிக்க வேண்டியிருந்த புதிய இயற்பியலை அவர்களுக்குக் கற்பித்தவர் எவருமில்லை. எனவே, முதலில் தாமே கற்று, அதன்பின் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய நிலையில் இருவரும் இருந்தனர்.

சிப்பூர் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய பிரூல் என்னும் பேராசிரியரிடம் ஜெர்மன் மொழி இயற்பியல் நூல்கள் பல இருந்தன. பிளாங்க், போல்ட்ஸ்மன் முதலியோர் எழுதிய நூல்களை அவரிடமிருந்து இரவல் பெற்று இருவரும் படித்தனர். அதற்காகவே ஜெர்மன் மொழியையும் பயின்றனர். அறியாத மொழி, அறியாத பொருள், இடைப்படிகளைச் சுருக்கி எழுதும் அறிஞர்களின் நடை ஆகிய மூன்றையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் சொல்லுக்குச் சொல் பொருள் கண்டும், கணக்கைத் தாளில் மீண்டும் செய்துபார்த்துமே கடக்க முடிந்தது.

இவ்வுழைப்பு வீண்போகவில்லை. 1918ஆம் ஆண்டு, வாயு மூலக்கூறுகளின் பருமன் அவ்வாயுவின் நிலைச் சமன்பாட்டை எவ்வாறு மாற்றும் என்பது பற்றி இருவரும் இணைந்து எழுதிய கட்டுரை இங்கிலாந்து இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். மகலனோபிஸ் எழுதிய வரலாற்று முன்னுரையோடு கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் அதனை நூலாக வெளியிட்டது. மொழிபெயர்ப்பவரால் புரியாத ஒரு வரியைத் தாண்டிச் செல்ல முடியாது. மூலத்தின் ஒவ்வொரு வரிக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும். இப்பொறுப்புணர்ச்சி போஸின் இயல்பாகவே ஆயிற்று.

டாக்கா வகுப்பறை

1921ஆம் ஆண்டு டாக்காவில் புதிய பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் இயற்பியல் துறையில் இணைப்பேராசிரியராகப் போஸ் பொறுப்பேற்றார். கர்சன் மண்டபம் என்னும் செந்நிறக் கட்டடத்தில் அத்துறை இயங்கிற்று. ஐரோப்பிய ஆய்வு மையங்களிலிருந்து வெகுதொலைவில், தம் துறையில் நடப்பவற்றை இதழ்களின் வழியே அறிந்துகொண்டு, முதுநிலை மாணவர்க்கு அவர் கற்பித்துவந்தார்.

அவர் கற்பித்த பாடங்களுள் ஒன்று வெப்பக் கதிர்வீச்சு. உலையில் இட்ட இரும்பு முதலில் செந்நிறமாகவும், வெப்பம் மிகமிக மஞ்சளாகவும் வெண்மையாகவும் ஒளிர்வதை யாவரும் கண்டிருப்பர். முழுவதும் மூடப்பட்ட ஒரு சூடான பெட்டியினுள் நிறைந்திருக்கும் கதிர்வீச்சில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்பதே வினா. பழைய இயற்பியலைக் கொண்டு கணக்கிட்டால், உயர் அதிர்வெண்களில் ஆற்றல் எல்லையின்றிப் பெருகவேண்டும் என்னும் பொருந்தாத விடையே கிடைத்தது.

1900ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பிளாங்க் இதற்குச் சரியான சூத்திரத்தைக் கண்டார். பெட்டியின் சுவரிலுள்ள அதிர்விகள் ஆற்றலைத் தொடர்ச்சியாகப் பெறுவதும் விடுவதும் இல்லை. அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கிய அளவுள்ள சிறுசிறு கூறுகளாகவே ஆற்றல் கைமாறுகிறது என அவர் கொண்டார். சூத்திரம் சோதனை முடிவுகளோடு மிக நன்றாகப் பொருந்தியது. குவாண்டம் கொள்கை அன்று பிறந்தது. பிளாங்க் 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். சூத்திரம் பாடநூல்களிலும் இடம்பெற்றது.

அச்சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, அது வந்த வழியை மாணவர்க்கு விளக்க முற்பட்டபோதுதான், அவ்வழி போஸுக்கு நிறைவளிக்கவில்லை.

இரு கொள்கைகள், ஒரு சூத்திரம்

பிளாங்க்கின் சூத்திரம் இரண்டு பகுதிகளின் பெருக்கலால் ஆனது. முதற்பகுதி ஓர் எண்ணிக்கை. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கதிர்வீச்சு எத்தனை வகையாக அதிர முடியும் என்பதை அது கூறுகிறது. எட்டு மடங்கு பையை அதிர்வெண்ணின் இருமடியால் பெருக்கி, ஒளியின் திசைவேகத்தின் மும்மடியால் வகுத்தால் அம்முதற்பகுதி கிடைக்கும். இரண்டாம் பகுதி, அத்தகைய அதிர்வு ஒவ்வொன்றுக்கும் உரிய சராசரி ஆற்றல். இரண்டையும் பெருக்கினால் சூத்திரம் முழுமையடைகிறது.

இரண்டாம் பகுதியைப் பெறும்போது, ஆற்றல் கூறுகூறாகவே அமையும் என்னும் புதிய கொள்கை பயன்பட்டது. முதற்பகுதியோ, ஆற்றல் தொடர்ச்சியானது என்றும் ஒளி முழுவதும் அலையே என்றும் கொள்ளும் பழைய மின்காந்தக் கொள்கையிலிருந்து பெறப்பட்டது. ஒரே வருவித்தலின் முதல் வரி உண்மையென ஏற்றதை, அதன் பின்வரி மறுக்கிறது. இரண்டும் சேர்ந்து சரியான விடையைத் தருகின்றன.

இம்முரண்பாட்டை முதலில் கண்டவர் போஸ் அல்லர். ஐன்ஸ்டைனும் இதனை உணர்ந்திருந்தார். சூத்திரத்தை அடைய வேறு வழிகளும் வகுக்கப்பட்டன. ஆனால், ஒவ்வொரு வழியிலும் ஏதேனும் ஓர் இடத்தில் பழைய கொள்கையின் துணை தேவைப்பட்டது. விடை சரியாக இருந்ததால், அந்த ஒட்டு பெரும்பாலோரை உறுத்தவில்லை. மாணவரின் முன்னால் நின்று அதனைத் தெளிவாகக் கூறவேண்டியிருந்த ஆசிரியருக்கோ அது தொடர்ந்து உறுத்திற்று.

மாணவர் ஒருவர் ஒரு படியைப் புரிந்துகொள்ள இயலாதபோது, குறை தம்மிடமே இருப்பதாக எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் அவ்வெண்ணம் சரியாகவே இருக்கும். மீண்டும் முயன்றால் தெளிவு பிறக்கும். எனினும், முன்வரியில் என்ன கருதப்பட்டது, பின்வரியில் என்ன கருதப்படுகிறது என வரிசையாக எழுதிப் பார்த்தபின்பும் இடைவெளி நீங்கவில்லையெனில், குறை அந்தப் படியிலேயே இருக்கவும் கூடும். இவ்விரண்டு நிலைகளையும் வேறுபடுத்தி அறியும் அளவுக்குப் போஸ் தம் பாடத்தைக் கற்றிருந்தார்.

1924ஆம் ஆண்டின் முற்பகுதியில் சாகா டாக்காவுக்கு வந்து நண்பருடன் தங்கினார். கதிர்வீச்சும் எலக்ட்ரான்களும் ஒன்றோடொன்று ஆற்றலைப் பரிமாறிக்கொள்வது குறித்து ஐன்ஸ்டைன், பாலி முதலியோர் அண்மையில் எழுதியிருந்த கட்டுரைகளைப் போஸின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நெடுநாள் உறுத்திவந்த வினா போஸின் உள்ளத்தில் மேலும் கூர்மை பெற்றது.

அறைகளை எண்ணுதல்

போஸ் அலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஒளி துகள்களாக இயங்குகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் கூறிய கருத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டார். அன்று அக்கருத்தை ஏற்காத அறிஞர் பலர் இருந்தனர். பெட்டிக்குள் இருப்பது ஒளித்துகள்களால் ஆன ஒருவகை வாயு எனப் போஸ் கொண்டார்.

ஓர் ஒளித்துகளின் உந்தம் என்பது பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கி, ஒளியின் திசைவேகத்தால் வகுத்த அளவாகும். துகள் எங்கே இருக்கிறது என்பதையும், அதன் உந்தம் எவ்வளவு, எத்திசையில் என்பதையும் ஒருங்கே குறிக்கும் வெளியைக் கட்டவெளி என்பர். போஸ் அதனைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அறையின் பருமனும் பிளாங்க் மாறிலியின் மும்மடி. இனிச் செய்யவேண்டியது, குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு உரிய அறைகள் எத்தனை என எண்ணுவதே.

உந்தத்தின் அளவை ஆரமாகக் கொண்ட ஒரு கோளத்தின் மீது மெல்லிய ஓடு ஒன்றைக் கருதுவோம். அவ்வோட்டின் பருமன், நான்கு மடங்கு பை, உந்தத்தின் இருமடி, ஓட்டின் தடிமன் ஆகியவற்றின் பெருக்கற்பலன். அதனைப் பெட்டியின் பருமனால் பெருக்கி, ஓர் அறையின் பருமனால் வகுத்தால் அறைகளின் எண்ணிக்கை கிடைக்கும். இப்போது உந்தத்துக்குப் பதிலாக, அதிர்வெண்ணில் எழுதிய அதன் மதிப்பை இடவேண்டும். உந்தத்தின் இருமடியிலிருந்து பிளாங்க் மாறிலியின் இருமடி வருகிறது. ஓட்டின் தடிமனிலிருந்து மேலும் ஒரு பிளாங்க் மாறிலி வருகிறது. மேலே சேர்ந்த இந்த மும்மடியும், அறையின் பருமனாகக் கீழே உள்ள மும்மடியும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. நான்கு மடங்கு பையோடு அதிர்வெண்ணின் இருமடியும், கீழே ஒளியின் திசைவேகத்தின் மும்மடியும் எஞ்சுகின்றன. ஒளிக்குத் தளவிளைவு நிலைகள் இரண்டு இருப்பதால் இரண்டால் பெருக்கவேண்டும். நான்கு எட்டாகிறது.

இதுவரை பழைய மின்காந்தக் கொள்கையிடம் கடன் வாங்கிய அதே முதற்பகுதி, அக்கொள்கையின் துணையின்றியே கிடைத்துவிட்டது. ஈராண்டு இயற்பியலும் கணிதமும் படித்த மாணவர் எவரும் இக்கணக்கைத் தாளில் செய்துபார்க்கலாம். நெடுங்காலம் சிக்கலாக நின்ற ஒரு படி, பள்ளிக்கணக்கின் எளிமையோடு தெளிவாயிற்று.

அடுத்து, ஒளித்துகள்கள் அவ்வறைகளில் எவ்வாறு பரவியிருக்கும் என்பதைக் கணக்கிட வேண்டும். வழக்கமாக, எந்தத் துகள் எந்த அறையில் இருக்கிறது என்று எண்ணுவர். போஸ் அவ்வாறு எண்ணவில்லை. எத்தனை அறைகள் வெறுமையாக உள்ளன, எத்தனை அறைகளில் ஒரு துகள் உள்ளது, எத்தனை அறைகளில் இரண்டு உள்ளன என்று மட்டுமே எண்ணினார்.

இவ்விரண்டு எண்ணும் முறைகளும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஓர் எளிய எடுத்துக்காட்டு வேறுபாட்டைக் காட்டும். இரண்டு பெட்டிகளில் ஒரு சிவப்புப் பந்தையும் ஒரு நீலப் பந்தையும் இடுவதாகக் கொள்வோம். இரண்டும் முதற்பெட்டியில், இரண்டும் இரண்டாம் பெட்டியில், சிவப்பு முதலிலும் நீலம் இரண்டாவதிலும், நீலம் முதலிலும் சிவப்பு இரண்டாவதிலும் என வழிகள் நான்கு. பந்துகள் இரண்டையும் எவ்வகையிலும் வேறுபடுத்த இயலாது என்றால், இறுதியில் சொன்ன இரண்டு வழிகளும் ஒன்றே. அப்போது வழிகள் மூன்றே. ஒவ்வொரு வழிக்கும் ஒரே வாய்ப்பு எனில், இரண்டு பந்துகளும் ஒரே பெட்டியில் இருப்பதற்கான வாய்ப்பு முதல்முறையில் இரண்டில் ஒன்று. இரண்டாம் முறையில் மூன்றில் இரண்டு. வேறுபடுத்த இயலாத துகள்கள் ஒன்றாகக் கூடுவதற்கு மிகுதியான வாய்ப்பு உள்ளது.

போஸின் முறையில் கணக்கிட்டபோது பிளாங்க்கின் சூத்திரம் முழுமையாகக் கிடைத்தது. முதல் வரி முதல் இறுதி வரி வரை ஒரே கொள்கை. முன்வரியைப் பின்வரி மறுக்கவில்லை.

பெர்லினுக்கு ஒரு மடல்

போஸுக்கு அப்போது வயது முப்பது. முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். ஐரோப்பிய அறிஞர் எவரிடமும் பயின்றவரும் அல்லர். அடிமைப்பட்டிருந்த நாட்டில், தொடங்கி மூன்றாண்டே ஆன பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஓர் ஆசிரியர், பிளாங்க்கின் சூத்திரத்துக்குப் புதிய வழி கண்டிருப்பதாகக் கூறினால் அதனைப் படித்துப் பார்ப்பவர் யார்? உரியவர் கண்ணில் படாமற்போயிருந்தால் அவ்வுழைப்பு டாக்காவின் வகுப்பறையோடு முடிந்திருக்கும்.

1924ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள், போஸ் தம் கட்டுரையை நேரே ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். பழைய மின்காந்தக் கொள்கையின் துணையின்றி அம்முதற்பகுதியை அடைந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, கட்டுரை வெளியிடத் தக்கதெனக் கருதினால் ஜெர்மன் இதழில் இடம்பெறச் செய்யுமாறு உடன் அனுப்பிய மடலில் வேண்டினார். அதனை ஜெர்மனில் பெயர்க்கும் அளவுக்குத் தமக்கு மொழிப்பயிற்சி போதாது என்பதையும் மறைக்கவில்லை. நேரில் அறியாதவரிடம் இவ்வாறு கேட்பதற்கு அவர் தயங்கவில்லை. ஐன்ஸ்டைனின் எழுத்துகள் வாயிலாகவே கற்றவர் என்னும் முறையில் தம்மை அவருடைய மாணவராகக் கருதியிருந்தார்.

ஐன்ஸ்டைன் கட்டுரையைப் படித்தார். அதன் சிறப்பை உடனே உணர்ந்தார். தாமே அதனை ஜெர்மனில் பெயர்த்து, புகழ்பெற்ற இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்றும், இம்முறையை வாயுக்களுக்கும் பயன்படுத்த முடியும் என்றும் ஒரு குறிப்பை இணைத்தார். நான்கே பக்கம் கொண்ட அக்கட்டுரை 1924இலேயே வெளிவந்தது. அடுத்த ஓராண்டுக்குள் ஐன்ஸ்டைன் அம்முறையை அணுக்களால் ஆன வாயுவுக்கு விரித்துரைத்தார். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அணுக்கள் பெருமளவில் ஒரே நிலையில் வந்து கூடும் என்னும் வியப்புக்குரிய முடிவையும் அறிவித்தார்.

தாம் செய்தது இயற்பியலில் ஒரு புதிய எண்ணும் முறை என்பதைப் போஸே அப்போது முழுமையாக உணர்ந்திருக்கவில்லை என்று பிற்காலத்தில் கூறியுள்ளார். புதுமை செய்யவேண்டும் என்று அவர் புறப்படவில்லை. தமக்குத் தெளிவாகாத ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளவே புறப்பட்டார்.

ஐரோப்பாவில் ஈராண்டு

ஐன்ஸ்டைனிடமிருந்து வந்த அஞ்சலட்டை போஸின் வாழ்வில் திருப்பத்தை உண்டாக்கிற்று. பல்கலைக்கழகம் அவர் ஐரோப்பா சென்று பயில ஈராண்டு விடுப்பு அளித்தது. 1924ஆம் ஆண்டு இறுதியில் பாரிசை அடைந்து, மேரி கியூரியின் ஆய்வகத்திலும் மோரிஸ் தெ பிராயின் ஆய்வகத்திலும் பணிபுரிந்தார். கியூரி அம்மையாரைச் சந்தித்தபோது, ஆய்வகத்தில் சேருமுன் சில மாதங்கள் பிரெஞ்சு மொழியைக் கற்குமாறு அவர் ஆங்கிலத்தில் அன்போடு அறிவுறுத்தினார். போஸ் ஏற்கெனவே பிரெஞ்சு அறிந்தவர். ஆயினும், இடையில் குறுக்கிட்டு அதனைச் சொல்லக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டார்.

அடுத்த ஆண்டு பெர்லினில் ஐன்ஸ்டைனை நேரில் கண்டார். அதற்குமுன் ஓர் ஏமாற்றமும் நேர்ந்திருந்தது. போஸ் அனுப்பிய இரண்டாவது கட்டுரையையும் ஐன்ஸ்டைன் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். ஆனால், அதன் கருத்தை ஏற்க இயலாமைக்கான காரணங்களையும் அதனோடு சேர்த்து எழுதியிருந்தார். முதற்கட்டுரையில் பாராட்டிய அதே அறிஞர் இரண்டாவதில் மறுத்தார். பெயரையும் நட்பையும் கருதாமல் வாதத்தின் வலிமையை மட்டுமே அளந்து பார்ப்பது அறிவியலின் முறை. பிளாங்க்கின் வழியை ஆராயப் போஸுக்கு எந்த உரிமை இருந்ததோ, அதே உரிமை போஸின் வழியை ஆராய ஐன்ஸ்டைனுக்கும் இருந்தது.

1926ஆம் ஆண்டு போஸ் டாக்கா திரும்பினார். முனைவர் பட்டம் இல்லாதபோதும் ஐன்ஸ்டைனின் பரிந்துரை துணைநிற்க, பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் உயர்ந்தார். ஊடுகதிர்ப் படிகவியல் ஆய்வுக்கு வழிவகுத்தார். 1945ஆம் ஆண்டு கொல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, 1956 வரை அங்குப் பேராசிரியராக விளங்கினார். பின்னர் விசுவபாரதியின் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

தாய்மொழியில் அறிவியல்

அயல்மொழியில் எழுதப்பட்ட நூல்களோடு போராடிக் கற்றவர் போஸ். இயற்பியலின் கடினத்தோடு மொழியின் கடினமும் சேரும்போது கற்பவர் படும் பாட்டை அவர் நன்கு அறிந்திருந்தார். கருத்து விளங்கவில்லையா, சொல் விளங்கவில்லையா என்பதே தெரியாமல் மாணவர் திகைத்துநிற்பதுண்டு. தாய்மொழியில் கற்பித்தால் அத்திகைப்பில் ஒரு பாதி நீங்கும் என அவர் நம்பினார்.

1948ஆம் ஆண்டு வங்காள அறிவியல் மன்றத்தை நிறுவினார். அறிவும் அறிவியலும் எனப் பொருள்படும் பெயரில் வங்கமொழி இதழ் ஒன்றை அம்மன்றம் வெளியிட்டது. உயர் அறிவியலைத் தாய்மொழியில் கூற முடியாது என்போரின் கருத்தை அவர் ஏற்கவில்லை. அதற்கு முன்பே, 1937இல், இரவீந்திரநாத் தாகூர் அறிவியலை எளிய வங்கமொழியில் விளக்கி எழுதிய விசுவ பரிசய் என்னும் நூலைப் போஸுக்குப் படைத்துச் சிறப்பித்திருந்தார். இசையிலும் போஸ் ஈடுபாடுடையவர். எஸ்ராஜ் என்னும் நரம்பிசைக் கருவியை இனிமையாக இசைப்பார்.

இந்திய அரசு 1954ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது. 1958இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. தேசியப் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவரை வந்தடைந்தது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கொல்கத்தாவில் காலமானார்.

இன்று பல்கலைக்கழகங்களில் இயற்பியல் பயிலும் மாணவர் அனைவரும் போஸ் கண்ட எண்ணும் முறையைப் பாடமாகப் படிக்கின்றனர். அப்பாடமும் முதற்பார்வையில் எளிதில் விளங்குவதன்று. அதனோடு போராடும் மாணவர், அதனைக் கண்டவரும் ஒருகாலத்தில் தாளும் எழுதுகோலுமாக ஒரு வரியின் முன்னே தயங்கி நின்றவரே என்பதை எண்ணிப் பார்க்கலாம். புரியவில்லை என்று தமக்குத்தாமே ஒப்புக்கொண்டு, அவ்வரியை விட்டு நகராதிருந்த பொறுமையே டாக்காவின் ஆசிரியர் ஒருவரை உலக அறிவியல் வரலாற்றில் இடம்பெறச் செய்தது.

தெரிந்து தெளிவோம்

போஸ் கண்ட முறையைப் பின்பற்றும் துகள்களுக்கு இங்கிலாந்து அறிஞர் டிராக், போஸின் பெயரால் போசான் என்று பெயரிட்டார். ஒளித்துகளாகிய போட்டான் ஒரு போசான். 2012ஆம் ஆண்டு செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளும் போசானே. தாழ்ந்த வெப்பநிலையில் அணுக்கள் ஒரே நிலையில் கூடும் என்று 1925இல் கூறப்பட்ட முடிவு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் 1995இல் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. போஸ் - ஐன்ஸ்டைன் செறிவு எனப்படும் அந்நிலையை உருவாக்கிய கார்னெல், வீமன், கெட்டர்லே ஆகிய மூவரும் 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இயற்பியல் பாடநூலில் உள்ள ஒரு வருவித்தலைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வரிக்கும் அருகில் அது முன்வரியிலிருந்து எவ்வாறு வந்தது என்பதை ஒரு தொடரில் எழுதுக. காரணம் எழுத இயலாத வரியை வகுப்பில் கலந்துரையாடுக.

2. வேறுபடுத்த இயலாத மூன்று பந்துகளை இரண்டு பெட்டிகளில் எத்தனை வழிகளில் இடலாம்? பந்துகள் மூன்றும் வெவ்வேறு நிறமெனில் எத்தனை வழிகள்? எழுதிக் காண்க.

3. உயர்கல்வியில் அறிவியலைத் தாய்மொழியில் கற்பித்தல் என்னும் தலைப்பில், போஸின் பணிகளைச் சுட்டிக்காட்டி ஐந்து நிமிட உரை ஒன்றை உருவாக்குக.